மிகுபொருளும் மிகுதுயரும்

(மகாவீரர் ஜயந்தி விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் தென்பாண்டிக் கடற்கரையில் பெருமழை பிடித்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்தபோது காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 எனக் கணக்கு வந்தது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைக் காட்டிலும் மிகுந்த நீர், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரைகடந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கி நிற்க, ஏறத்தாழ 800 பயணியர் உணவுக்கும் நீருக்கும் தவித்த செய்தியை நாடே கேட்டது. தூத்துக்குடி மாநகரின் தாழ்ந்த தெருக்களில் நீர் வடியப் பல நாள் ஆயிற்று.

நீர் வடிந்தபின் அத்தெருக்களின் இருமருங்கும் என்ன கிடந்தது என்பதைப் படங்களில் கண்டவர் பலர். ஊறிப் பருத்த மெத்தைகள், கதவு விரிந்த மரத்தூள் அலமாரிகள், சேறேறிய குளிர்பதனப் பெட்டிகள், பக்கங்கள் ஒட்டிக்கொண்ட பாடநூல்கள், தையற் பொறிகள், மணமக்கள் நின்ற இடத்தில் நீலமும் மஞ்சளும் கலந்து வழிந்த திருமணப் படங்கள். ஒரு வீட்டின் உள்ளிருப்பவை எல்லாம் ஒருங்கே வெளியில் கிடந்தால் எத்துணை பெரிய குவியலாகும் என்பதை ஊரே கண்ட நாள்கள் அவை.

அதன் பின்னர் நான்கு வாரங்களில் போகி வந்தது. பழையவற்றைக் கழிக்கும் நாள். அவ்வாண்டு பல வீடுகளில் கழிப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆயினும் வேறு சில வீடுகளில் அந்நாள் ஒரு புதிய துன்பத்துக்கு வாயில் திறந்திருக்கக் கூடும். இன்றைய உரை அதைப் பற்றியது.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பெயர் வேண்டா, அத்தகைய வீடு எந்தத் தெருவிலும் இருக்கக்கூடும். கணவர் துறைமுகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றி மறைந்தவர். மனைவி தனியே வாழ்கிறார். மகன் சென்னையில். வெள்ளத்துக்கு முன் அந்த அம்மையார் வீட்டைத் துடைத்து வைப்பதில் அத்தெருவுக்கே எடுத்துக்காட்டு. வெள்ளம் இடுப்பளவு புகுந்தது. அண்டை வீட்டு மாடியில் இரண்டு இரவுகள் கழிந்தன. மீண்டு வந்தபின் அவர் எதையும் கழிப்பதில்லை. தண்ணீர் வந்த புட்டிகள், நிவாரணப் பொருள் வந்த பைகள், கயிறுகள், அட்டைப் பெட்டிகள் யாவும் சேர்கின்றன. கணவர் கைப்பட எழுதிய கணக்கேடுகள் உலர்ந்து அப்பளம் போல் நெளிந்து கிடக்கின்றன. எழுத்து அழிந்துவிட்டது, ஏடு இருக்கிறது. இரும்புப் பெட்டி ஒன்று, சேறு படிந்தபடியே, திறக்கப்படாமல் கட்டிலின் கீழ் இருக்கிறது. நனையாமல் தப்பியவை எல்லாம் பரணுக்கும் மாடிப்படி மேலறைக்கும் ஏறிவிட்டன, ஏறியவை இறங்கவில்லை. நடுவறையில் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் எஞ்சுகிறது.

போகிக்கு வந்த மகன் இதைக் காண்கிறான். அன்னை உறவினர் வீடு சென்ற வேளை பார்த்துக் குட்டியானை வண்டி ஒன்றை வரவழைத்து, நாலு மணி நேரத்தில் வீட்டை வெறுமையாக்குகிறான். அன்பினால்தான் செய்கிறான். அன்னை திரும்பி வந்து வாயிலிலேயே நிற்கிறார். "எல்லாம் குப்பை, அம்மா" என்கிறான் மகன். "குப்பை எது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா" என்கிறார் அவர். அவ்வளவே. உணவு இறங்கவில்லை. ஓராண்டு கழியுமுன் அறைகள் முன்னிலும் நெருக்கமாய் நிறைந்துவிடுகின்றன; இம்முறை கதவுக்குப் பூட்டும் வந்துவிடுகிறது.

இவ்வீடு கற்பனை. ஆனால் இதன் ஒவ்வொரு கூறும் மனநல மருத்துவர் நன்கறிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் 'பொருள் குவிப்புக் கோளாறு' தனி நோயாக இடம்பெற்றது. அதுகாறும் அது எண்ண சுழற்சி நோயின் ஒரு கூறாகவே கருதப்பட்டு வந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் பதினோராம் வகைப்பாட்டு ஏடும் அதனைத் தனியே வைத்தது. இந்நோயின் இலக்கணம் வீட்டில் பொருள் மிகுதியாய் இருத்தல் அன்று. பொருளைப் பிரியும்போது தாங்கொணாத் துயரம் எழுதல், அதனால் அறைகள் தம் பயனை இழத்தல், அடுப்பில் சமைக்க முடியாமை, கட்டிலில் படுக்க முடியாமை, அதனால் வாழ்வு குலைதல் என இவையே இலக்கணம். ஆகவே, சற்றே ஒழுங்கற்ற வீட்டை உடையோர் எவரும் இவ்வுரை கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. குழந்தைகள் உள்ள வீடு ஒழுங்காய் இருந்தால்தான் ஐயுற வேண்டும்.

வறுமையில் வளர்ந்தோரே முதுமையில் எதையும் எறியாமல் சேர்ப்பர் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வெண்ணத்துக்குச் சான்று கிட்டவில்லை. பின் வந்த ஆய்வுகள் பல வேறொன்றைக் கண்டன: பொருள் குவிப்போரிடம் கொடிய நிகழ்ச்சிகளின் நினைவு மிகுதி. உற்றாரின் சாவு, வன்முறை, உடைமை பறிபோதல் ஆகியவற்றுக்குப் பின் அப்பழக்கம் தோன்றியதாகவோ கடுமையானதாகவோ அவர்கள் கூறுகின்றனர். துன்பம் ஒன்றே காரணம் என்று கூறல் தகாது. குடிவழியாய் வரும் இயல்பு உண்டு; கவனம் சிதறுதல், முடிவெடுக்க இயலாமை ஆகியனவும் உண்டு. பெரும்பாலோரிடம் இளமையிலேயே வித்து விழுந்து, பத்தாண்டுக்குப் பத்தாண்டு வளர்ந்து, முதுமையில் பிறர் கண்ணுக்குப் புலனாகிறது. முன்பே ஈரம் ஏறிய சுவரில் வெள்ளம் மோதுவதைப் போல், அவ்வியல்பு உடையார்மேல் பேரிடர் மோதும்போது சுவர் சாய்கிறது.

ஏன் சாய்கிறது? ஒரே விடை இல்லை. ஒருநாள் இரவில் எல்லாம் போயிற்று என்பதைக் கண்டவர்க்கு, நாளையும் போகலாம் என்பது அறிவுரையால் அகலும் எண்ணம் அன்று. கயிறும் புட்டியும் அவருக்குக் குப்பை ஆகா. அன்றிரவு மாடியில் அவையே இல்லாமற் போயின. கணக்கேட்டின் கதை வேறு. நினைவு தம் நெஞ்சில் நிற்குமோ என்னும் நம்பிக்கை தளர்ந்தவர் பொருளில் அதை நிறுத்தி வைக்கிறார். ஏட்டை எறிந்தால் எழுதியவரை இரண்டாம் முறை இழப்பதாகும். கட்டிலின் கீழ் உள்ள பெட்டியோ இவ்விரண்டிலும் சேராது. அதை அவர் போற்றி வைத்திருக்கிறார் என்று பிறர் நினைப்பர். உண்மையில் அவர் அதைத் திறக்க அஞ்சுகிறார். திறந்தால் அந்தச் சேற்று நாற்றம் எழும். நாற்றத்தோடு அவ்விரவும் எழும். துயர் தந்ததை நினைவூட்டும் எதையும் அணுகாமல் விலகுதல் மனவடுவின் தலையாய குறிகளில் ஒன்று. விலகி விலகி வைத்தவையே குவியலாகின்றன. ஒரே அறையில் அச்சத்தால் சேர்ந்தவை, பாசத்தால் தங்கியவை, தீண்டப்படாமல் கிடப்பவை எனப் பல இருக்க, வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எல்லாம் ஒரே குப்பையாய்த் தோன்றுகின்றன. மகன் செய்த பிழை அதுவே.

2012-இல் டேவிட் டோலின் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பொருள் குவிப்போரைத் தத்தம் வீட்டுக் கடிதங்களையும் தாள்களையும் கொண்டுவரச் செய்து, ஒவ்வொன்றையும் வைத்திருப்பதா, கிழிப்பதா என்று முடிவுசெய்யும் வேளையில் மூளையின் இயக்கத்தைப் படமெடுத்தனர். பிறர் தாளைப் பற்றி முடிவெடுக்கையில் அடங்கியிருந்த மூளைப் பகுதிகள், தம் தாளைப் பற்றி முடிவெடுக்கையில் அளவு மீறிக் கிளர்ந்தன. பழைய மின்கட்டணச் சீட்டு ஒன்றை எறிவதா என்னும் வினா, அவர்களுக்குப் பேரிழப்பு ஒன்றை ஏற்பதா என்னும் வினாவாக மாறிவிடுகிறது. சோம்பல், கஞ்சத்தனம், பேராசை என்னும் பெயர்கள் இதற்குப் பொருந்தா.

இப்போது ஆகமத்தின் பக்கம் திரும்பலாம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் ஈற்றில் நிற்பது மிகுபொருள் விரும்பாமை. பொருளால் நிறைந்த வீட்டைக் கண்டதும் இவ்விரதத்தை எடுத்துக்காட்டி இடித்துரைப்பது சிராவகர் சிலரின் வழக்கம். மாமியாரை நோக்கி மருமகளோ, தந்தையை நோக்கி மகனோ, "விரதம் ஏற்றவர் வீடா இது?" என்று கேட்டுவிடுவது எளிது. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்துக்குத் தரும் இலக்கணம் யாது? பொருளை அது குறிக்கவில்லை. மூர்ச்சை என்று ஒரே சொல்லில் முடிக்கிறது. உரைகாரர் அதற்குப் பற்று, 'எனது' என்னும் உணர்வு என்று விளக்கம் தந்தனர். அச்சொல் தமிழ் வீடுகளில் நாளும் வழங்கும் சொல். 'மூர்ச்சையாகி விழுந்தார்' என்றால் குழந்தைக்கும் பொருள் விளங்கும். பற்றுக்கும் மயக்கத்துக்கும் ஒரே பெயர். மூர்ச்சையுற்றுக் கிடப்பவரைக் கண்டால் முகத்தில் நீர் தெளிப்பார்கள். காற்று வர விலகி நிற்பார்கள். விரதம் காட்டி வைவாரில்லை.

மேலும் ஒன்று. பரிக்கிரகம் இருபத்து நான்கு என்று ஆசிரியர் வகுத்தனர். நிலம், வீடு, தானியம், ஆடை, பாத்திரம் முதலாய புறப் பரிக்கிரகம் பத்து. அகப் பரிக்கிரகம் பதினான்கு. அப்பதினான்கனுள் சினமும் செருக்கும் மாயையும் உலோபமும் உண்டு என்பது பலரும் அறிந்தது. அச்சமும் சோகமும் அவற்றோடு எண்ணப்பட்டிருப்பதைப் பாராயணம் செய்வோர் பலர் கடந்து சென்றுவிடுகின்றனர். பயம், சோகம் என்ற இரண்டும் உடைமைகள்! வெள்ளம் அந்த அம்மையாரின் புறப் பரிக்கிரகத்தில் பாதியை அடித்துச் சென்றது. அகத்தில் இந்த இரண்டையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிற்று. மகன் வண்டியில் ஏற்றியது எல்லாம் புறம். அகத்திலிருந்த இரண்டும் அப்படியே இருந்தன. அவை தமக்கு வேண்டிய துணையை மீண்டும் புறத்திலிருந்து சேர்த்துக்கொண்டன. அறை மறுபடி நிறைந்ததன் காரணத்தை இதைவிடத் தெளிவாய்ச் சொல்லுதல் அரிது. மருத்துவ நூலோர் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த இடத்தில் முன்னோர் பெயர்ப்பலகை நட்டிருக்கின்றனர்.

போகியைப் பற்றியும் ஒரு சொல். அந்நாளில் எல்லோர் வாயிலும் வரும் தொடர், சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் ஈற்றில் உள்ள சூத்திரத்தினது. அது சொல் வழக்கைப் பற்றிய இலக்கண விதி. பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு. ஆகவே அவை குற்றம் ஆகா என்பதே அதன் கருத்து. நீங்குவது குற்றமன்று என்றாரே தவிர, நீக்கியே தீர்க என்று அவர் எவரையும் ஏவவில்லை. அதிலும் நெருப்பிட்டு நீக்குமாறு கூறியிருக்க அம்முனிவர்க்கு வாய்ப்பே இல்லை. குவியலுக்குள் எத்தனை ஓரறிவுயிரும் ஈரறிவுயிரும் ஒதுங்கியிருக்கும் என்பதை அவர் அறிவார்.

எல்லாவற்றையும் வைத்திருத்தல் தீது என்னும் முடிவுக்கும் விரைந்து வந்துவிடலாகாது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, கும்பகோணத்துச் சைன இல்லங்களில் அந்நூலைப் போற்றி ஓதிவந்தோரிடமே ஐயம் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அவ்வில்லத்தார் பழைய ஏடு என்று ஆற்றில் விட்டிருந்தால் தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பைச் சொல்ல வேண்டியதில்லை. தென்பாண்டி நாட்டில் கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகள் நெருப்புக்கு இரையான செய்தி கேட்டு அவர் நெஞ்சம் நொந்ததும் ஏட்டில் உள்ளது. 'குப்பை' என்று பிறர் தீர்ப்பளித்தவையே அவையும்.

தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ள கழுகுமலை இதற்கு இன்னொரு வகையில் துணைநிற்கும். ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் அம்மலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் நிரை நிரையாய்ச் செதுக்கப்பட்டன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள். குரவர், குரத்தியர், அவர்தம் மாணாக்கர், எளிய ஊரார் எனப் பலர். ஒருவர் பொருட்டு மற்றொருவர் செய்வித்தவையும் அவற்றுள் உண்டு. நினைவுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அம்மலையில் வாழ்ந்த துறவிகளே மறுக்கவில்லை. இடம் சிறிது, ஒரு சாண் பாறை, ஒரு வரி எழுத்து. கணக்கேடுகள் நாற்பதும் வேண்டும் என்னும் அன்னையிடம் "ஒன்றும் வேண்டா" என்பதற்கும், "இவற்றுள் அப்பாவின் கையெழுத்து நன்றாய்த் தெரியும் ஏடு எது, சொல்லுங்கள், அதைக் கண்ணாடிச் சட்டத்தில் வைப்போம்" என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

இக்கடற்கரையில் பேசுவோர் எவரும் முத்தைத் தொடாமல் முடிப்பதில்லை. துன்பத்தை முத்தாக்குக என்பார்கள். உள்ளே புகுந்த உறுத்தலைச் சிப்பி அடுக்கடுக்காய்ப் பொதிந்து ஒளிரச் செய்கிறது என்பது மெய்யே. ஆயினும் அம்முத்தை எடுக்கச் சிப்பி சாகவேண்டும் என்பதை அப்பேச்சாளர் மறந்துவிடுகின்றனர். முத்துக்குளிப்பின் கரையில் இலக்கக்கணக்கான சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்த முறையைப் படிப்போர்க்குக் கழுத்துமாலையின் ஒளி மங்கிவிடும். ஆதலின் அவ்வுவமையை இங்கே ஆள்வதற்கில்லை. முத்துக்குளித்தவரின் முறை ஒன்றைச் சொல்லலாம். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாய் மாறாத முறை அது. கயிற்றில் கட்டிய கல்லில் கால் பதித்து மூழ்குவோன் ஆழத்தை அடைவான். அடைந்ததும் காலைக் கல்லினின்று விடுவித்துக்கொள்வான். ஒரு மணித்துளியளவு சிப்பி பொறுக்கிக் கயிற்றை அசைப்பான். கல்லையும் கயிற்றையும் அவனையும் மேலே இழுப்போன் வேறொருவன். படகில் அமர்ந்து கயிற்றின் அசைவையே நோக்கியிருப்பவன். கல்லை விடும் வேளையைத் தீர்மானிப்பவன் மட்டும் மூழ்கியவனே. மேலிருப்பவன் முந்திக்கொண்டு இழுப்பதில்லை, உறங்கிவிடுவதும் இல்லை. மூழ்குவோரின் உறவினரும் அப்பணிக்கு அமர்த்தப்பட்டனர் என்றால் வியப்பில்லை.

இல்லங்களில் கயிறு பிடித்திருப்போர் செய்யக் கூடியது யாது? ஆசிரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வகுத்த போக உபபோகப் பரிமாணம் என்னும் விரதம் இங்குக் கைகொடுக்கிறது. அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பு இன்றும் பல இல்லங்களில் ஓதப்படுகிறது. ஒருமுறை துய்ப்பதும் பலமுறை துய்ப்பதுமாகிய பொருள்களுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் விரதம் அது. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம்; ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள் எனக் காலம் குறித்து ஏற்பது நியமம். முன்னோர் மனித மனத்தின் வலிவையும் மெலிவையும் எத்துணை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இந்த நியமம் என்னும் சிறு வாயிலே சான்று. இற்றை நாள் உளவியலாளர் பொருள் குவிப்போர்க்கு அளிக்கும் பயிற்சியும் இப்படியே படிப்படியாய்ச் செல்கிறது: வீட்டுக்கே வருகின்றனர், ஒரு மேசை, ஓர் இழுப்பறை என்று இடம் குறிக்கின்றனர், ஒவ்வொரு பொருளையும் உடையவரே கையிலெடுத்து உடையவரே முடிவு செய்கிறார், துயரம் எழுந்து, நின்று, தணிவதை அவரே காண்கிறார். புதிய பொருள் உள்ளே வருவதற்கும் எல்லை வகுக்கின்றனர். இதற்கு மாதக்கணக்கில் காலம் ஆகும். ஒரே நாளில் வீட்டைக் காலி செய்தலை அவர்கள் விலக்குகின்றனர்.

அவ்வீட்டில் உடன் வாழ்வோரின் துன்பத்தையும் மறைத்தல் ஆகாது. 2010-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 30 இணையரை வைத்து நடத்திய ஆய்வில், தம் வீடு பொருள் நெருக்கமுடையது, முடியாத வேலைகள் நிறைந்தது என்று விவரித்த மனைவியரின் உடலில், மாலையாக ஆக இறங்க வேண்டிய அழுத்தச் சுரப்பு உரியவாறு இறங்கவில்லை என்று கண்டனர். கணவரிடம் அவ்வாறு தெளிவாய்த் தென்படவில்லை. வீட்டின் ஒழுங்குக்கு யார் விடைசொல்ல வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறதோ அவர் உடலே அதைத் தாங்குகிறது. ஆதலின் மாமியார் அறையின் குவியலுக்கு மருமகளைப் பொறுப்பாக்குதல் இரட்டைக் கொடுமை. அடுப்பங்கரை, படுக்கை, கழிப்பறைக்குச் செல்லும் வழி, மின்பலகை அருகு ஆகிய நான்கு இடங்கள் மட்டும் எப்போதும் ஒழிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் கூடி ஓர் எல்லை வகுத்துக்கொண்டால் முதியவர் வழுக்கி விழுவதும் தீப்பற்றுவதும் தவிரும். மற்ற அறைகள் காத்திருக்கலாம்.

ஈகை பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலை மலையாய்க் கிடந்தது. நாடெங்கிலும் இருந்து வந்தது. கடற்கரை மக்கள் அவற்றைத் தொடவில்லை. உழைத்து உண்ட தம்மை, உற்றாரை இழந்த துயரோடு துயராய்ப் பிறர் கழித்ததை உடுக்கச் சொல்வதா என்று அவர்கள் மனம் புண்பட்டனர். ஒரு வீட்டின் குப்பை லாரியேறிச் சென்று இன்னொரு வீட்டின் குப்பையாயிற்று. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நான்கையே தானமாக முன்னோர் சிறப்பித்தனர். வேண்டாததைத் தள்ளிவிடுதல் அப்பட்டியலில் இல்லை. பேரிடர் நேர்ந்த ஊர்க்கு எதை அனுப்புவது என்று கூடிப் பேசும்போது, அறக்கட்டளையினர் அங்குள்ளோரைக் கேட்டு அனுப்புதல் நலம்.

இவையெல்லாம் தெற்கே எங்கோ நிகழ்ந்தவை என்று தள்ளவும் இயலாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சைன ஊர்கள் பலவற்றிலிருந்து வந்து இவ்வவையில் அமர்ந்திருப்போர்க்கு அந்நாள்களை நினைவூட்ட வேண்டியதில்லை. நனைந்த நெல்லும் நனைந்த பத்திரமும் எத்தனை இல்லங்களில் இன்னும் பிரிக்கப்படாமல் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அவரவரே அறிவர். நிலப் பத்திரம், குடும்ப அட்டை, மதிப்பெண் சான்று ஆகியவற்றை நீர்புகா உறையிலிட்டு ஒரே பையில், எடுத்தோடும் உயரத்தில் வைத்தல் குவிப்பு அன்று, அது முன்மதி. அந்த ஒரு பை உறுதியாய் இருக்கிறது என்னும் தெளிவு பிறந்தால், மற்ற பைகள் சிலவற்றை முதியவரே விடக் கூடும்.

துயரம் ஆறு திங்கள், ஓராண்டு கடந்தும் தணியாமல், உறக்கம் கெட்டு, மழை இருட்டினாலே நடுக்கம் எழுமாயின், மருத்துவரிடம் செல்வதில் இழுக்கில்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதலாக எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். அழைப்பவர் நோயாளியாகவே இருக்க வேண்டுவதில்லை. மகனோ மருமகளோ முதலில் அழைத்து, என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று கேட்கலாம்.

அந்தத் தூத்துக்குடி வீட்டுக்கு அடுத்த போகி வரும்போது மகன் முன்னாளே வரட்டும். வண்டி வேண்டா. கட்டிலின் கீழிருக்கும் இரும்புப் பெட்டியை வெளியே இழுத்து, அன்னையின் அருகே தரையில் அமரட்டும். திறக்கலாமா என்று கேட்கட்டும். இன்று வேண்டா என்று அவர் சொன்னால், மேற்பக்கத்துச் சேற்றை மட்டும் ஈரத்துணியால் இருவருமாய்த் துடைத்து, பெட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட எழட்டும்.